ஊழியம் செய்ய வந்த அயலார்

வேலூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது சித்தூர். அங்கிருந்து மேலும் 70 கிலோமீட்டர் சென்றால் திருப்பதியை அடையலாம். இந்தச் சாலையில் தமிழ் எங்கே முடிகிறது, தெலுங்கு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு கிழித்துக் காட்ட இயலாது. கடைத்தெருவில் அமர்ந்திருக்கும் ஒரே வணிகர் முன்னவரிடம் தமிழிலும் பின்னவரிடம் தெலுங்கிலும் பேசி விலை முடிப்பார். தமிழ்நாட்டின் வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் பாயிரம் வகுத்தது. ஆயினும் மக்கள் அந்த எல்லையின் இருபுறமும் கலந்தே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். 1911-ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது சித்தூர்தான். அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 2022-ஆம் ஆண்டில் அதனினின்றும் திருப்பதி பிரிக்கப்பட்டு வேறொரு மாவட்டமாக அமைந்தது.

இந்தச் சாலையில் நூற்றாண்டுக் கணக்காக அடியார்கள் நடந்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் தெய்வத்தைத் தரிசிக்கச் சென்றவர்கள். கடந்த நூற்றெழுபது ஆண்டுகளாக இதே சாலையில் வேறொரு வகையினரும் வந்து போயிருக்கிறார்கள். கடல் கடந்து, தங்கள் சமயத்தைப் பிறருக்கு எடுத்துரைக்க வந்த மிஷனரிகள் அவர்கள். அவர்களுடைய கொள்கைகளைப் பற்றி ஆதரித்தும் எதிர்த்தும் பல நூல்கள் எழுதப்பட்டுள்ளன. அவர்களுடைய அன்றாட வாழ்க்கையைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. காலையில் எழுந்தது முதல் இரவில் உறங்கச் செல்வது வரை அவர்கள் என்ன செய்தார்கள்? யாரோடு பேசினார்கள்? எந்த மொழியில் பேசினார்கள்? யார் செலவில் உண்டார்கள்? இந்த எளிய வினாக்களுக்கு விடை காண முயன்றால், ஓர் அயலான் செய்யும் தொண்டு ஏன் ஓரிடத்தில் வேர் பிடிக்கிறது, ஏன் மற்றோரிடத்தில் பட்டுப்போகிறது என்பது ஓரளவு விளங்கும்.

ஒரே ஆண்டின் மூன்று நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்கலாம். 1853-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் முறையாக நிறுவப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா பகுதியிலிருந்து மார்மன் சபையைச் சேர்ந்த ஊழியர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள், தங்கள் ஊழியர்களை அயல்நாடுகளுக்கு அனுப்புவதற்கென்றே ஒரு கப்பலைக் கட்டிக் கடலில் விட்டனர். முதலாமவர் சித்தூரில் நிலைபெற்றனர். மூன்றாமவர் பின்னர்த் திருப்பதிக்கு வந்தனர். இடையில் வந்த மார்மன் ஊழியர்கள் சில ஆண்டுகளுக்குள் திரும்பிச் சென்றனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அவர்களுடைய சபை மீண்டும் நம் நாட்டில் கால் ஊன்றியது.

முதலில் ஆர்க்காடு மிஷனைப் பார்ப்போம். இதன் கதை யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. ஜான் ஸ்கடர் என்பவர் நியூயார்க் நகரில் மருத்துவத் தொழில் நடத்தி வந்தார். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்த வேளையில் அங்கிருந்த சிறு பிரசுரம் ஒன்றை எடுத்துப் படித்தார். அதுவே அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. நன்றாக நடந்துகொண்டிருந்த தொழிலை விட்டுவிட்டு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் 1819-ஆம் ஆண்டில் கப்பல் ஏறினார். இந்தியாவை அடைந்த சில நாட்களிலேயே அக்குழந்தை இறந்துபோயிற்று. யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு என்னும் ஊரில் அவர்கள் குடியமர்ந்தார்கள். அங்கே மருத்துவமும் போதனையும் சேர்ந்து நடந்தன. 1836-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு மாறினார். அவரோடு வந்த மைரன் வின்ஸ்லோ என்பவரே 1862-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதிக்கு உரியவர்.

ஸ்கடரின் ஆண்மக்களில் எழுவர் இந்தியாவில் ஊழியம் செய்தனர். அவர்களுள் ஹென்றி, வில்லியம், ஜோசப் என்னும் மூவர் சேர்ந்து ஆர்க்காடு மிஷனை நிறுவினர். இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இம்மூவரும் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்தவர்கள். தமிழ் ஒலி குழந்தைப் பருவத்திலேயே அவர்கள் செவியில் விழுந்தது. கல்வி கற்க அமெரிக்கா சென்று திரும்பிய பின்னரும் அந்த ஒலி அவர்களை விட்டு நீங்கவில்லை. ஆகையால் கிராமத்துத் திண்ணையில் அமர்ந்து பேசும்போது அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. தொடக்கத்தில் அவர்கள் ஆங்கிலப் பள்ளிகளை நடத்துவதில் நாட்டம் கொள்ளவில்லை. மக்களின் தாய்மொழியில் ஊர் ஊராகச் சென்று பேசுவதே தங்கள் முதற்கடமை என்று வரையறுத்துக்கொண்டனர். சபையில் சேர்பவர்கள் சாதி வேற்றுமையை முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்பதிலும் அவர்கள் கண்டிப்பாக இருந்தனர்.

அக்காலத்தில் இத்தகைய ஊழியரின் நாள் எவ்வாறு கழிந்திருக்கும்? வெயில் ஏறுமுன் வெளிவேலையை முடித்துவிட வேண்டும். ஆகவே விடியற்காலையில் குதிரையிலோ மாட்டுவண்டியிலோ பக்கத்து ஊருக்குப் புறப்படுவார்கள். சந்தை கூடும் நாளாயின் சந்தையில் நின்று பேசுவார்கள். மருத்துவம் கற்றவர் உடன் இருந்தால் மருந்துப் பெட்டியும் கூடவே செல்லும். திரும்பி வந்த பிறகு நண்பகலில் படிப்பு. புதிதாக வந்தவர் முன்ஷி ஒருவரிடம் மொழி கற்பார். ழகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்தி ஒலிக்கப் பழகுவதற்கே பலருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. மாலையில் மீண்டும் தெருவில் பேச்சு. இரவில் கடிதம் எழுதுதல். குளிர்காலம் வந்தால் கூடாரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் ஊர்ப்பயணம் செல்வார்கள். 1856-ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. அதற்கு முன்னர்ச் சென்னைக்குப் போய் வருவதே ஒரு பெரும் பயணம். சூயஸ் கால்வாய் 1869-ஆம் ஆண்டில் திறக்கப்படும் வரையில் தாயகத்துக்கு எழுதிய கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டோ நிலவழியே கைமாறியோ செல்ல வேண்டும். தாயார் இறந்த செய்தி மகனுக்கு எட்டும்போது மாதங்கள் பல கடந்திருக்கும்.

வாந்திபேதியும் காய்ச்சலும் இவர்களுடைய இல்லங்களையும் விட்டு வைக்கவில்லை. குழந்தைகளைப் புதைத்த இடத்தை விட்டு எளிதில் போய்விட மனம் வராது. இவர்கள் நெடுங்காலம் தங்கியதற்குச் சமயப் பற்று முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்கள் இங்கே பிறந்தார்கள், இங்கேயே தங்கள் குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள் என்பதும் நாம் மறக்கக்கூடாத காரணமாகும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டியும் மருந்தும் தேடி வந்த மக்களுக்கு மிஷன் வளாகங்கள் பல இடங்களில் புகலிடமாயின. பசித்தவனுக்குச் சோறிடும் கை ஒரு சமயத்தையும் நீட்டுவது முறையா என்ற வினாவும் அக்காலத்திலேயே எழுந்ததுதான். அது நியாயமான வினா. அதை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

இவர்களுள் மருத்துவப் பணியே காலத்தை வென்று நின்றது. இராணிப்பேட்டையில் 1866-ஆம் ஆண்டில் மருத்துவமனை ஒன்று நிறுவப்பட்டது. ஸ்கடர் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் பிறந்தார். இளமையில் மிஷனரியாகும் எண்ணமே அவருக்கு இல்லை. பெற்றோரைப் பார்க்க வந்திருந்தபோது ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத் துன்பத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. ஆண் மருத்துவரை உள்ளே விட அவ்வீட்டார் இசையவில்லை. ஐடாவோ மருத்துவம் கற்றவர் அல்லர். மூவரும் இறந்தனர். அந்த இரவு அவரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியது. 1900-ஆம் ஆண்டில் மருத்துவராக வேலூருக்குத் திரும்பினார். 1902-ஆம் ஆண்டில் மருத்துவமனையும், 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. இன்று சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் நாள்தோறும் எத்தனையோ நோயாளிகள் வேலூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். அவர்கள் எந்தச் சமயத்தவர் என்று யாரும் கேட்பதில்லை.

அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னும் இடம் இருக்கிறது. பல மிஷன்கள் ஒன்றுகூடி 1912-ஆம் ஆண்டில் தொடங்கிய காசநோய் நிலையம் அங்கே வளர்ந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் பிரிமோட்–மோலர் அதை நெடுங்காலம் நடத்தினார். 1948-ஆம் ஆண்டில் இந்தியாவில் காசநோய்த் தடுப்பூசி முதன்முதலாகப் போடப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று.

இனி அதே 1853-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த மார்மன் ஊழியர்களைக் காண்போம். இச்சபை 1830-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பவரால் நிறுவப்பட்டது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப் பெயர். மார்மன் நூல் என்னும் தனி மறை ஒன்றை விவிலியத்தோடு சேர்த்துப் போற்றுவதால் பிறர் அவர்களை மார்மன்கள் என்று அழைத்தனர். 2018-ஆம் ஆண்டு முதல் தங்களை முழுப் பெயராலேயே அழைக்குமாறு சபையார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே சுருக்கம் கருதியே பழைய பெயர் வழங்கப்படுகிறது.

1852-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாட்டில் உலகின் பல நாடுகளுக்கும் ஊழியர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒன்பதின்மர் இந்தியாவுக்கும் நால்வர் சயாமுக்கும் குறிக்கப்பட்டனர். பதின்மூவரும் 1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறி, ஏப்ரலில் கல்கத்தா வந்து சேர்ந்தனர். ரிச்சர்டு பாலண்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் என்னும் மூவர் அங்கிருந்து சென்னைக்கு அனுப்பப்பட்டனர். பாலண்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சால்ட் லேக் பள்ளத்தாக்கில் 1849-ஆம் ஆண்டில் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தொடங்கியவர்.

இவர்களுக்குச் சம்பளம் இல்லை. கைப்பணம் எடுத்துச் செல்லாமல், செல்லும் இடத்து மக்களின் விருந்தோம்பலை நம்பி வாழ்வதே அவர்களுடைய நெறி. யூட்டாவிலும் இங்கிலாந்திலும் அந்நெறி நடைமுறைக்கு ஒத்து வந்தது. அங்கே பேசுபவரும் கேட்பவரும் ஒரே மொழியினர். ஒரே வகை வாழ்க்கையினர். இந்தியாவிலோ நிலைமை வேறு. இங்கே வெள்ளையர் எனில் சம்பளமும் பங்களாவும் உடையவர் என்றே மக்கள் அறிந்திருந்தனர். கையில் காசில்லாத வெள்ளைத் துறவியை எந்த வரிசையில் வைப்பது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஊழியர்களோ நாட்டு மொழிகளில் தேர்ச்சி பெறுமுன்னரே பணியைத் தொடங்க வேண்டியிருந்தது. ஆகவே ஆங்கிலம் அறிந்த படைவீரர்களையும் ஐரோப்பியக் குடியினரையுமே பெரிதும் நாடினர். பாளையங்களில் பேச அதிகாரிகள் பல இடங்களில் தடை விதித்தனர். 1852-ஆம் ஆண்டில் பலதார மணக் கொள்கையை இச்சபை வெளிப்படையாக அறிவித்திருந்தது. அது ஐரோப்பியரிடையே பெரும் வெறுப்பை உண்டாக்கியது. சபை 1890-ஆம் ஆண்டில் அந்தப் பழக்கத்தைக் கைவிடத் தொடங்கியது. பாலண்டைன் சென்னையில் சிறு பத்திரிகை ஒன்றையும் அச்சிட்டு வெளியிட்டார். உடல்நலம் குன்றி 1854-ஆம் ஆண்டில் அவர் நாடு திரும்பினார். 1856-ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ எல்லாரும் போய்விட்டனர்.

இவர்களுடைய துணிவைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. குடும்பத்தை விட்டு, பணமின்றி, பாதி உலகைச் சுற்றி வந்தவர்கள் இவர்கள். ஆனால் பண்டத்தரிப்பில் பிறந்தவர்களுக்கு இருந்த ஒன்று இவர்களுக்கு இல்லை. மொழியைக் கற்க வேண்டிய ஆண்டுகளை இவர்கள் செலவிடவில்லை. செலவிட வழியும் இருக்கவில்லை. ஒருவனுடைய மொழியில் பேசாமல் அவனுடைய உள்ளத்தை அடைய முடியாது என்பதற்கு இந்த இரு குழுவினரின் வரலாறும் அருகருகே நிற்கும் சான்றுகள்.

மூன்றாமவர் திருப்பதிக்கு வந்த ஜெர்மானியர். ஹெர்மன்ஸ்பர்க் ஊரின் குருவாகிய லுட்விக் ஹார்ம்ஸ் உழவர்களையும் கைவினைஞர்களையும் ஊழியத்துக்குப் பயிற்றியவர். அவருடைய மிஷன் 1865-ஆம் ஆண்டில் ஆகஸ்டு மிலியுஸ் என்பவரின் தலைமையில் தெலுங்கு நாட்டில் பணி தொடங்கியது. நாயுடுப்பேட்டை, காளத்தி, திருப்பதி முதலிய ஊர்களில் அவர்களுடைய நிலையங்களும் பள்ளிகளும் அமைந்தன. 1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மானியர் என்பதனால் அவர்கள் காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற பணியை அமெரிக்க லுத்தரன் சபையினர் ஏற்றனர். இன்று அது தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையாக இந்நாட்டவரின் கையில் இருக்கிறது.

இந்தப் பள்ளிகளின் பயனை எண்ணும்போது ஒரு மாணவரை நினைவு கூராமல் இருக்க முடியாது. 1888-ஆம் ஆண்டில் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1896 முதல் 1900 வரை திருப்பதியில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் பள்ளியில் பயின்றார். பின்னர் 1904 வரை வேலூரில் ஆர்க்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரியில் படித்தார். அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். இம்மூன்றும் மிஷனரிகளின் கல்விச்சாலைகள். அங்கே அவர் இந்து சமயத்தைப் பற்றிய கடுமையான குறைகூறல்களைக் கேட்டார். அவை அவருடைய உள்ளத்தைப் புண்படுத்தின. தாம் பிறந்த சமயத்தில் உயிருள்ளது எது, வழக்கொழிந்தது எது என்று ஆராயும்படி அவரைத் தூண்டியதும் அந்தக் குறைகூறல்களே என்று அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் தெரிவித்திருக்கிறார். 1908-ஆம் ஆண்டில் அவர் எழுதிய எம்.ஏ. ஆராய்ச்சிக் கட்டுரை வேதாந்தத்தின் ஒழுக்கநெறியைப் பற்றியதாக அமைந்தது. மிஷனரிகள் ஒரு கிறிஸ்தவரை எதிர்பார்த்திருக்கலாம். உலகம் ஓர் இந்துத் தத்துவ அறிஞரைப் பெற்றது. 1962-ஆம் ஆண்டில் அவர் நாட்டின் குடியரசுத் தலைவரானார். கல்வி கொடுப்பவர் அதன் விளைவைத் தம் கையில் வைத்துக்கொள்ள இயலாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். மார்மன் சபை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் இந்தியாவுக்கு வந்த வழி, முதல் வருகையினும் முற்றிலும் வேறானது. இம்முறை இந்தியர்களே அதைத் தேடிச் சென்றனர். கோயம்புத்தூரில் ஒருவர் சிறு வெளியீடு ஒன்றைப் படித்து, நெடுநாள் கடிதப் போக்குவரத்துக்குப் பின்னர் 1965-ஆம் ஆண்டில் அச்சபையில் சேர்ந்தார். 1978-ஆம் ஆண்டில் சமோவாத் தீவில் பணிபுரிந்த ஓர் ஆந்திரத் தம்பதியினர் தங்கள் உறவினரைக் காண ஐதராபாத்துக்கு ஊழியராக வந்தனர். மார்மன் நூலின் பகுதிகள் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தன. 1993-ஆம் ஆண்டில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய மிஷன் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவரான குர்சரண் சிங் கில் பஞ்சாபில் பிறந்தவர். 2018-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஓர் ஆலயம் அமையும் என அறிவிக்கப்பட்டது.

இச்சபையின் இளம் ஊழியரை அடையாளம் காண்பது எளிது. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, மார்பில் பெயர் பொறித்த கருநிறப் பட்டயம். எப்போதும் இருவராகவே செல்வார்கள். 2012-ஆம் ஆண்டு முதல் ஆண்கள் 18 வயதில் ஊழியத்துக்குப் புறப்படலாம்; பெண்களுக்கு அவ்வயது 2025-ஆம் ஆண்டு வரை 19 ஆக இருந்தது. ஆண்களுக்கு 24 மாதங்கள். பெண்களுக்கு 18 மாதங்கள். ஊதியம் கிடையாது. செலவைத் தாமோ குடும்பத்தாரோ ஏற்க வேண்டும். இயலாதவர்க்குச் சபையினர் உதவுவர். எந்த நாட்டுக்கு, எந்த ஊருக்கு என்பதை ஊழியர் தேர்ந்தெடுக்க முடியாது. அனுப்பிய இடத்துக்குப் போக வேண்டும். உடன் தங்கும் துணைவரையும் அவர் தேர்ந்தெடுப்பதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை துணைவர் மாறுவார், ஊரும் மாறலாம்.

அவர்களுடைய நாள் வழக்கமாகக் காலை ஆறரை மணிக்குத் தொடங்கும். உடற்பயிற்சி, குளியல், சிற்றுண்டி, அதன்பின் மறைநூற் படிப்பு. பிறகு துணைவரோடு சேர்ந்து அன்றைய வேலையைத் திட்டமிடுவார்கள். வேற்று மொழி வழங்கும் ஊராயின் மொழிப்பாடமும் உண்டு. பகலிலும் மாலையிலும் சபையினரின் இல்லங்களுக்கும், தங்களைக் காண விரும்புகிறவர்களின் இல்லங்களுக்கும் செல்வார்கள். இரவு பத்தரை மணிக்கு விளக்கு அணைய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும், பொருள் வாங்கவும், வீட்டுக்கு எழுதவும் ஒதுக்கப்பட்டிருக்கும். முன்பு ஆண்டுக்கு இருமுறையே பெற்றோருடன் தொலைபேசியில் பேசலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. 2019-ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் பேச அனுமதி கிடைத்தது. ஆர்க்காட்டு மிஷனரி மாதக்கணக்கில் காத்திருந்த செய்தி, இன்று ஒரு வாரத்துக்குள் தாயின் முகத்தோடு வந்து சேர்கிறது.

பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனுக்கு இது எளிய வாழ்க்கை அன்று. சட்டை நனைந்துபோகும் வெயில், பழகாத காரம், புரியாத பேச்சு, இருபத்து நான்கு மணி நேரமும் நீங்காத ஒரு துணைவன். பத்து வீட்டுக்குப் போனால் ஒன்பது வீட்டில் மறுப்பு. அந்த மறுப்பைச் சிரித்த முகத்தோடு ஏற்கப் பழகுவதே இரண்டாண்டுகளில் அவன் கற்கும் பெரிய பாடமாக இருக்கலாம்.

நம் ஊர்களில் அவர்களுக்கு வரும் முதற் சோதனை காப்பியில் தொடங்குகிறது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். அவர்களுடைய சபைவிதி மது, புகையிலை ஆகியவற்றோடு தேநீரையும் காப்பியையும் விலக்குகிறது. நம் வீட்டிலோ வந்தவருக்கு முதலில் நீட்டப்படுவது காப்பித் தம்ளர். அதை வேண்டாம் என்பவர், தம்மையும் வேண்டாம் என்கிறார் என்றே வீட்டுப் பெரியவள் எண்ணுவாள். வந்தவர் அவளுடைய மொழியில் நாலு சொல் பேசத் தெரிந்தவராயின், தம் நோன்பை விளக்கி, நீர்மோர் கேட்டு வாங்கிக் குடிப்பார். ஏகாதசி விரதமும் ஐயப்ப மாலையும் அறிந்த குடும்பத்துக்கு நோன்பு என்பது புரியாத செய்தி அன்று. மொழி தெரியாதவராயின் கையை அசைத்து மறுத்துவிட்டு எழுந்து செல்வார், மனத்தாங்கல் மிஞ்சும். ஒரு தம்ளர் காப்பியில் மொழியின் தேவை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இக்காலத்தில் இந்தியாவில் ஊழியம் செய்யும் மார்மன் இளைஞர்களுள் இந்தியர்கள் பலர். ஆனாலும் தெலுங்கு நாட்டில் பிறந்தவர் தமிழ்ச் சேரிக்கும், தமிழர் தெலுங்குத் தெருவுக்கும் அனுப்பப்படும்போது அவரும் ஓரளவு அயலாரே. அவரும் முன்ஷியிடம் அமர்ந்த அந்தப் பழைய மாணவரைப் போல எழுத்துக் கூட்டித் தொடங்க வேண்டியவரே.

திருப்பதி போன்ற ஊரில் இன்னொரு கடமையும் உண்டு. நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் எடுத்துரைக்கவும் உரிமை வழங்குகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், மக்கள் நலம் ஆகியவற்றுக்கு அவ்வுரிமை கட்டுப்பட்டது. எடுத்துரைக்கும் உரிமை, பிறரை மதமாற்றும் உரிமையாகாது என்று 1977-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிபாட்டிடங்களில் பிற சமயப் பிரசாரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 2007-ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தில் இயற்றப்பட்டது; திருமலை அதன் பாதுகாப்புக்குள் வந்தது. நெடுந்தொலைவு நடந்து மலையேறி வரும் அடியாரை வழிமறித்து வேறொரு சமயத்தைக் கூறுவது சட்டத்துக்கு மட்டுமன்றி நாகரிகத்துக்கும் முரணானது. விருந்தினராக வந்தவர் வீட்டுக்காரரின் பூசையறை வாசலில் நின்று பேசத் தொடங்கலாகாது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? அயலிலிருந்து வந்தவர்களின் பேச்சில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. அவர்கள் தொகுத்த அகராதி இருக்கிறது. வேலூரிலும் ஆரோக்கியவரத்திலும் நோயாளிகள் வந்து குணமடைந்த படுக்கைகள் இருக்கின்றன. அவர்கள் கற்பித்த பள்ளிகளிலிருந்து அவர்களையே எதிர்த்து வாதிடக்கூடிய அறிஞர்கள் தோன்றியிருக்கிறார்கள். இவை யாவும் மொழியைக் கற்று, நெடுநாள் தங்கி, எல்லாருக்கும் பொதுவான ஒரு துன்பத்தைத் தம் கையால் தொட்டவர்களின் விளைவுகள். இரண்டாண்டு தங்கிப் போகிறவர் இவ்வளவு செய்ய இயலாது. ஆனால் அவர் இரண்டாண்டில் ஒரு மொழியைக் கற்கலாம்; ஒரு தெருவின் மக்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகலாம்; நம்மைப் பற்றிய உண்மையான செய்தியைத் தம் ஊருக்கு எடுத்துச் செல்லலாம்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் வாயிலில் இத்தகைய இளைஞர் இருவர் வந்து நின்றால், அவர்களுடைய சமயத்தை ஏற்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அதை நேராகச் சொல்லிவிடலாம். அதற்காகக் கடிந்து பேசவும் வேண்டியதில்லை. அவர்களும் எங்கோ ஒரு தாய் வாரம் ஒருமுறை குரல் கேட்கக் காத்திருக்கும் பிள்ளைகளே. வெயிலுக்கு ஒரு தம்ளர் நீர்மோர் கொடுத்து, அதற்குத் தமிழில் என்ன பெயர், தெலுங்கில் என்ன பெயர் என்று சொல்லி அனுப்பினால், அவர்கள் நம் ஊரிலிருந்து இரண்டு சொற்களையாவது கற்றுப் போவார்கள்.